ஏடு கையிலிருக்க ஒரு நாடகம்

திருவரங்கம் பெரிய கோயிலில் தாயார் சந்நிதியை நோக்கிச் செல்பவர்கள், மேட்டழகிய சிங்கர் சந்நிதிக்கு எதிரே நாலு தூண்களில் நிற்கும் ஒரு சிறு மண்டபத்தைக் கவனித்திருப்பார்கள். கம்பர் தம்முடைய இராமாயணத்தை அரங்கேற்றியது அங்கேதான் என்பது கர்ணபரம்பரையாக வழங்கிவரும் செய்தி. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை இராமகாதையில் எப்படிச் சேர்க்கலாம் என்று சபையிலிருந்தோர் ஆட்சேபித்தார்கள் என்றும், கவி அதை வாசித்துக் காட்டியபோது சந்நிதியிலிருந்த சிங்கப் பெருமானே சிரக்கம்பம் செய்து ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். ஐதிகத்தின் காலநிர்ணயத்தை ஆராய்ச்சியாளருக்கு விட்டுவிட்டு, அதில் பொதிந்திருக்கும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எழுதி முடித்ததும் ஒரு நூல் பூர்த்தியாகிவிடுவதில்லை. பலர் கூடிய இடத்தில் அது உரக்க வாசிக்கப்பட்டு, கேட்டவர்கள் வினா எழுப்பி, அவ்வினாக்களுக்கு விடையும் கிடைத்த பிறகே பூர்த்தியாகிறது என்று இந்த ஊர் நினைத்திருந்தது. மனநோயைப் பற்றிப் பொதுஜனங்களிடையே தெளிவு உண்டாக்குவதற்கு நாடக வாசிப்பு என்னும் முறையை வெளிதேசங்களில் இன்று கையாண்டு வருகிறார்கள்; காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தத் தீவுக்கும், அக்கரையில் மலைக்கோட்டையைச் சுற்றி விரிந்த திருச்சிராப்பள்ளி நகரத்துக்கும் அம்முறை எவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நாடக வாசிப்பில் வேஷம் இல்லை, திரை இல்லை, காட்சி ஜோடனை இல்லை. நாலைந்து நாற்காலிகள், ஆளுக்கு ஒரு பிரதி, கூடம் பெரிதானால் ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவே. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒருவர் குரல் கொடுக்க, கதவு தட்டப்படுவதையும் ஒருத்தி எழுந்து ஜன்னலருகே போவதையும் தெரிவிக்கும் குறிப்புகளை வேறொருவர் வாசித்துவிடுவார். வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லையாகையால் மாதக்கணக்கான ஒத்திகை தேவைப்படுவதில்லை. இரண்டு மூன்று முறை கூடி வாசித்துப் பார்த்தால் போதும். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ரயில்வே உத்தியோகஸ்தர் என யாரும் இதில் பங்குகொள்ளலாம். செலவு குறைவு என்பதே இதன் பெரிய சௌகரியம் என்று பார்த்தமாத்திரத்தில் தோன்றும். ஆனால் மனநோய் போன்ற விஷயத்தில் அதனினும் பெரிய சிறப்பு ஒன்று இதற்கு உண்டு.

நம்முடைய மேடை, சித்தம் கலங்கியவர்களை நெடுங்காலமாகச் சிரிப்புக்கே பயன்படுத்தி வந்திருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ தமிழ் நாடகத்தின் மகுடங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் புத்தி பேதலித்த பிள்ளையாக வரும் வசந்தன் சபையைச் சிரிக்கவைப்பதற்கென்றே வருகிறான், 1954-இல் அந்நாடகம் திரைப்படமானபோதும் அப்படியே வந்தான். பின்வந்த எத்தனையோ படங்களில், கலைந்த தலையும் உருட்டிய விழியும் காரணமற்ற சிரிப்புமே மனநோயாளிக்கு லட்சணமாயின. 1794-இல் தோன்றி, 1871 முதல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் பழம்பெரும் மனநல மருத்துவமனை இருக்கும் காரணத்தால், கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டது. இதற்கு நடிகர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. நடிப்பு கண்ணுக்குத் தெரிவதைப் பெரிதாக்கிக் காட்டும் கலை. மனநோயின் துயரமோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாதது. மனச்சோர்வில் ஆழ்ந்த ஒரு பெண் விடியற்காலையில் எழுந்து கோலமிட்டு, காபி கலந்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பிறகு எதிலும் ருசியற்று, மூச்சு விடுவதே பாரமாக மாலைவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவளை நடித்துக் காட்டப் புகுந்தால் பெரும்பாலும் மிகையில்தான் போய் முடியும். அவளுடைய வார்த்தைகளை நிதானமாக ஒருவர் வாசித்தாலோ அந்த அபாயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வாசிப்பவர் அவளைப்போலப் பாவனை செய்யாமல் அவளுக்காகப் பேசுகிறார். இவை வேறொருவருடைய வார்த்தைகள், மரியாதையோடு ஏந்தி வந்திருக்கிறேன் என்பதைக் கையிலிருக்கும் ஏடு சபைக்கு இடைவிடாமல் உணர்த்திக்கொண்டே இருக்கிறது.

இம்முறையின் பயனை உலகம் நன்கு உணரச் செய்தவர் அமெரிக்கரான பிரையன் டோரிஸ். கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளீஸ் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘அயாக்ஸ்’, ‘பிலக்டீட்டஸ்’ என்ற இரண்டையும் அவர் எளிய ஆங்கிலத்தில் பெயர்த்து, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் போரிட்டுத் திரும்பிய சிப்பாய்களின் முன்னே வாசிக்கச் செய்தார். அயாக்ஸ் ஒரு மகாவீரன்; தனக்கு உரியதென்று நம்பிய கௌரவம் மற்றொருவனுக்குப் போய்விட்ட அவமானத்தில் சித்தம் கலங்கி, சேனைத்தலைவர்களென்று எண்ணிக் கால்நடைகளைக் கொன்று குவிக்கிறான்; தெளிவு வந்ததும் அந்த வெட்கத்தைத் தாங்க இயலாமல் தன் உயிரையே விட்டுவிடுகிறான். அவனுடைய மனைவி ஸ்தானத்திலிருக்கும் டெக்மெஸ்ஸா, அந்த இரவில் கண்டதையெல்லாம் கூடாரத்துக்கு வெளியே வந்து மற்றவர்களிடம் சொல்கிறாளே, அந்தப் பகுதிதான் இந்நாடகத்தின் உயிர் என்பது என் எண்ணம். நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்கள் எவரும் அதைத் தம்முடைய பேச்சாகவே கேட்பார்கள். சோபக்ளீஸ் தாமும் ஏதென்ஸ் நகரத்தின் படைத்தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய சபையோரில் பெரும்பாலோர் போர்க்களம் கண்டவர்கள்.

2008-இல் சான் டியேகோவில் சுமார் நானூறு மரைன் படை வீரர்களும் அவர்களுடைய துணைவியரும் கூடிய அரங்கில் முதல் வாசிப்பு நடந்தது. வாசிப்புக்குப் பின் முக்கால் மணி நேரம் கலந்துரையாடல் என்று குறித்திருந்தார்கள். அது மூன்று மணி நேரத்துக்குமேல் நீண்டது. அடுத்த ஆண்டிலேயே அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை நூறு வாசிப்புகளுக்குப் பொருளுதவி செய்தது. அவர்கள் வகுத்துக்கொண்ட முறை மிக எளியது: நடிகர்கள் ஒரு நீண்ட மேஜையின் பின்னால் அமர்ந்து வாசிக்கிறார்கள், முடிந்ததும் எழுந்துபோய்விட, அதே நாற்காலிகளில் போர்வீரர் ஒருவர், துணைவி ஒருத்தி, மனநல வைத்தியர் ஒருவர் எனச் சிலர் வந்தமர்ந்து, எந்த வரி தங்களைத் தொட்டது என்று சொல்கிறார்கள், பிறகு சபையோரின் முறை. சொந்தக் கதையை வெளியிடக் கூசும் மனிதன், பழங்கதையொன்றின் வாயிலாகத் தன்னைப் பற்றிப் பேசத் துணிகிறான். இடையிலே ஒரு பாத்திரம் நிற்பதால் அவனுடைய அந்தரங்கத்துக்கும் பங்கம் நேர்வதில்லை.

இந்தச் சூட்சுமத்தைத் திருவரங்கம் வேறொரு வழியில் அறிந்திருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் நிகழும் அத்யயன உற்சவத்தில் அரையர்கள் கூம்பிய குல்லாயும் கைத்தாளமுமாக வந்து, நாலாயிர திவ்யப் பிரபந்தத்தை இசைத்து அபிநயிக்கும் சேவை, நாதமுனிகள் காலம் முதல் வருவதாகச் சம்பிரதாயம் கூறும். அந்த அரையர் சேவையில் முத்துக்குறி என்றொரு பகுதி உண்டு. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தை ஆதாரமாகக் கொண்டது. உண்ணாமல் உறங்காமல் நிலைமாறிக் கிடக்கும் மகள், அவளுக்கு என்ன நேர்ந்ததென்று புரியாமல் தவிக்கும் தாய், முத்துக்களைப் பரப்பிக் குறி சொல்ல வரும் கட்டுவிச்சி ஆகிய மூவரையும், வேஷம் மாறாமல், குரலாலும் அபிநயத்தாலும் அரையர் ஒருவரே சபைமுன் கொண்டுவந்து நிறுத்துகிறார். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் நான்காம் பத்தின் ஆறாம் பகுதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மகளுடைய நிலை கண்டு கலங்கிய தாய்மார்கள், ஏதோ சிறுதெய்வத்தின் கோபமென்று எண்ணிக் கள்ளும் இறைச்சியும் வைத்து வெறியாட முற்பட, நோயின் மூலத்தை அறியாமல் செய்யும் இந்தச் சாந்திகள் அவளுக்குப் பரிகாரம் ஆகா என்று தோழி தடுத்துப் பேசுவதாக அமைந்தது அது. அத்யயன உற்சவத்தின் பகுதியாகிய இராப்பத்தின் நாட்களில், நாளுக்கு ஒரு பத்தாகத் திருவாய்மொழி சேவிக்கப்படுகையில், ஆண்டுதோறும் இந்தப் பாசுரங்களும் அங்கே ஒலிக்கின்றன.

பகவத் காதலை மருத்துவ வியாதியோடு சமப்படுத்துவது என் கருத்து அன்று. அவ்வாறு கொள்வது பாசுரத்துக்கும் அநியாயம், நோயாளிக்கும் அநியாயம். ஆனால் நிலைமாறிய பெண் ஒருத்தியைச் சுற்றி வீடு எவ்வாறு பதறுகிறது, யார் யாரையோ அழைத்து என்னென்னவோ செய்விக்கிறது, அவளுக்கு மிக நெருங்கியவள் ஒருத்தி மட்டும் அவள் மனத்தை அறிந்து பேச எப்படிப் போராட வேண்டியிருக்கிறது என்ற அந்தக் குடும்பச் சித்திரம், இன்று புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் அந்நியமாக இராது.

வேஷமில்லாத நாடகத்துக்கு நகரமும் புதியதன்று. ரயில்வே அதிகாரியாக இருந்துகொண்டே நாடகத்துக்குத் தம்மை அர்ப்பணித்த எப். ஜி. நடேச அய்யர் 1914-இல் தோற்றுவித்த ரசிக ரஞ்சனி சபை, படித்த உத்தியோகஸ்தர்கள் மேடையேறுவதைக் கௌரவக் குறைவாக எண்ணாத மனப்பான்மையை இங்கே உண்டாக்கிற்று. 1939-இல் திருச்சி வானொலி நிலையம் ஆரம்பமான பிறகு, ஒலிபரப்புக் கூடத்தில் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நாடகம் வாசிப்பதும், வீட்டுக் கூடத்தில் குடும்பம் முழுவதும் ஒரு பெட்டியைச் சூழ்ந்து அதைக் கேட்பதும் இம்மாவட்டத்தின் சகஜ அனுபவமாயின. குரல் ஒன்றாலேயே ஒரு மனிதரை மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கும் பயிற்சி அந்தத் தலைமுறைக்கு வாய்த்திருந்தது.

இந்த மண்ணில் வளர்ந்தவருடைய நாடகம் ஒன்றும் வாசிப்புக்குத் தயாராக இருக்கிறது. திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த சுஜாதா எழுதிய ‘கடவுள் வந்திருந்தார்’, அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்துப் புகழ்பெற்ற பூர்ணம் விஸ்வநாதனின் குழுவினரால் மேடையேற்றப்பட்டது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீனிவாசன் என்பவரின் கண்ணுக்கு மட்டும், எதிர்காலத்திலிருந்து வந்த ஜோ என்பவன் தென்படுகிறான். காற்றோடு பேசும் அவரைப் பார்த்து வீட்டார் புத்தி பேதலித்துவிட்டதென்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிறகு அவரிடம் ஏதோ அதீத சக்தி இருப்பதாகத் தோன்றியதும், உலகம் அவரையே தெய்வாம்சமாகக் கொண்டாடத் தலைப்படுகிறது. ஹாஸ்ய நாடகமாக எழுதப்பட்டதுதான். சபை சிரிக்கத்தான் செய்யும். ஆனால் சிரித்து ஓய்ந்த பின் ஒரு கேள்வியை முன்வைக்கலாம்: ஸ்ரீனிவாசனைப் பைத்தியமென்று ஒதுக்கியபோதாயினும் சரி, தெய்வமென்று வணங்கியபோதாயினும் சரி, அவர் சொன்னதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர் அந்த வீட்டில் யார்? இல்லாத குரல் கேட்பதும், பிறர் காணாததைக் காண்பதும் மனச்சிதைவு என்னும் நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும் என்பதையும், மருந்தினால் அவற்றைப் பெரும்பாலும் கட்டுப்படுத்த முடியும் என்பதையும், அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு வைத்தியர் சொன்னால், அதே விஷயத்தைத் துண்டுப் பிரசுரத்தில் படிப்பதைக் காட்டிலும் ஆழமாகப் பதியும்.

இம்மாவட்டத்தில் இதற்கு அவசியம் இருக்கிறது. திருச்சியிலிருந்து முசிறி செல்லும் சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கும் குணசீலத்துப் பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதிக்கு, சித்தம் கலங்கியவர்களை அழைத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்து, ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்குகின்றன. உச்சிகாலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தெளிக்கப்படும் தீர்த்தத்தை நம்பிக்கையோடு ஏற்கின்றன. கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு இல்லமும் வைத்தியரின் மேற்பார்வையும் இன்று அமைந்திருப்பது, பக்தியும் சிகிச்சையும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்கு நல்ல திருஷ்டாந்தம். எதிர்மாறான கொடுமையையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது: 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், தீ மூண்டபோது ஓட வழியின்றி மாண்டார்கள். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று திட்டமாக விதிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதிச் சிகிச்சை அளிக்கவேண்டுமென்றும் அது கூறுகிறது.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் தொடங்கியதை அடுத்து, தமிழ்நாட்டில் முதலாவதாகத் தெரிந்தெடுக்கப்பட்டது திருச்சி மாவட்டமே. ஆகவே, வைத்திய வசதி அடியோடு இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஆனால் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் ஏதோ ஒரு மனநலக் கோளாற்றுக்கு உள்ளாகியிருந்தார்கள். கோளாற்றுக்குக் கோளாறு வேறுபட்டாலும், அவர்களில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு பேர்வரை சிகிச்சை பெறாதவர்கள். ஆஸ்பத்திரி இல்லாமை ஒரு காரணம். ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் மற்றொரு காரணம். பெண்ணுக்கு வரன் தகையாது, தம்பிக்கு வேலை கிடைக்காது, அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று பேசமாட்டார்கள் என்றெல்லாம் எண்ணி, ‘நரம்புத் தளர்ச்சி’ என்றொரு பெயரிட்டு மறைத்து, ஆண்டுகளை இழந்த குடும்பங்கள் எத்தனை!

இந்த அச்சத்தை எது குறைக்கும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். பதினான்கு நாடுகளில் நடந்த 72 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஒரு மதிப்பீடு, வயதுவந்தோரிடத்தில் வெறும் போதனையைக் காட்டிலும், நோயுற்றுத் தேறியவரைச் சந்தித்து அவர் வாயால் கேட்பதே அதிக மாற்றத்தை உண்டாக்குகிறது என்றும், அந்தச் சந்திப்பும் காணொளியில் நிகழ்வதைவிட நேரில் நிகழ்வதே மேலானது என்றும் கண்டது; பதின்வயதினருக்கோ போதனையே அதிகப் பயன் தந்தது. ஆகையால் பெரியவர்கள் கூடும் வாசிப்பில், தேறியவர் ஒருவர், அவரும் அவர் குடும்பத்தாரும் மனமுவந்து இசைந்தால், நாற்காலியில் அமரவேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும்போது, வாசிப்பைத் தொடர்ந்து வைத்தியரின் விளக்கமும் சற்று விரிவாக இருக்கவேண்டும்.

கவனக் குறைவாக நடத்தினால் தீங்கும் விளையலாம். தற்கொலையைத் தொடும் பகுதிகளில் அதன் வழிமுறையை விவரிப்பதையும், அதைத் தீர்வுபோலவோ தியாகம்போலவோ அலங்கரிப்பதையும் அறவே தவிர்க்கவேண்டும். மேடைக்கும் திரைக்கும் எழுதுவோருக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கையேடு இதை வற்புறுத்துகிறது. துன்பத்திலிருந்து உதவி தேடி மீண்டவர்களைக் காட்டுவதே நன்மை பயக்கும் என்றும் சொல்கிறது. என்ன விஷயம் வாசிக்கப்படப் போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்து, நடுவில் எழுந்து போக விரும்புவோர் கூச்சமின்றிப் போக வழிசெய்து, வெளியே அவர்களோடு பேசுவதற்கு ஒருவரை நிறுத்திவைக்க வேண்டும். இரவு பகலாக இயங்கும் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சபையில் சொல்லவேண்டும், டெலி-மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று, மத்திய அரசு தொடங்கிய சேவை அது, தமிழிலேயே பேசலாம்.

இனி, எதை வாசிப்பது என்ற கேள்வி. சோபக்ளீஸையும் வாசிக்கலாம், சுஜாதாவையும் வாசிக்கலாம். ஆயினும் இன்றைய வீடுகளின் கதை இன்றைய பேச்சில் வரவேண்டும். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, மாத்திரை சாப்பிடுவதை மறைத்து மணமுடித்து, இரண்டு குடும்பங்களையும் ஒரு பெண்ணையும் துயரத்தில் ஆழ்த்தும் காட்சியை யாரேனும் எழுதவேண்டும். உடம்பு தேறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு என்று மகன் நிறுத்திவிட, ஆறு மாதத்துக்குப் பின் அவன் மறுபடியும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும்போது, தகப்பனார் கோபிப்பதா அழுவதா என்று தெரியாமல் கதவுக்கு வெளியே நிற்கும் காட்சியை எழுதவேண்டும். பொறியியல் கல்லூரி விடுதியில் இரண்டு பாடம் தவறியதை வீட்டுக்குச் சொல்ல இயலாத பையனையும், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கும் எண்பது வயதுப் பாட்டியையும் எழுதவேண்டும். இவற்றை எழுதத் தகுந்தவர்கள், நோயுற்றுத் தேறியவர்களும், ஆண்டுக்கணக்காக அவர்களோடு வைத்திய நிலையத்துக்கு நடந்த தாய்மாரும் சகோதரரும்தாம். அவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை ஓர் எழுத்தாளர், பெயரையும் ஊரையும் மாற்றி, வசனமாக்கி, மீண்டும் அவர்களிடமே படித்துக் காட்டி, அவர்கள் ஆட்சேபிக்கும் வரிகளை நீக்கிவிட்டுச் சபைக்குக் கொண்டுவர வேண்டும்.

முதலில் பெரிய அரங்கம் தேடிப் போகவேண்டாம். சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ ஒரு பழைய வீட்டின் கூடம், உறையூரில் ஒரு நூலகம், தில்லைநகரில் ஒரு பள்ளியின் வகுப்பறை, எதுவானாலும் சரி. முப்பது பேர் உட்கார இடமும், அரை மணி நேரம் வாசிக்கக்கூடிய ஒரு காட்சியும், ஒரு மனநல வைத்தியரின் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் தொடங்கிவிடலாம்.